தேர்வு முடியும் வரை

சுவா
19 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்காவுக்கு,

தொரிக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கோரோ கடலில் படகு ஆடிய ஆட்டத்தில் நீ கட்டிக்கொடுத்த சேப்பங்கிழங்கு மொத்தமும் மீன்களுக்குப் போயிற்று. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் குறைந்ததா?

குழந்தை கெலெரா தூங்கும்போது அவளை விட்டுவிட்டுக் கிளம்பி வந்தது சரியா தப்பா என்று படகு முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். நீதான் சொன்னாய்: "முழிச்சிருந்தா அவளும் விட மாட்டா, உனக்கும் கால் எழும்பாது. போயிடு." கால் எழும்பியது. எப்படி எழும்பியது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் வங்கி மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டுப் பேசினார். "வருஷத்துக்கு ஒருத்தரைத்தான் மெல்போர்னுக்கு அனுப்புறோம் தொரிக்கா. எம்.பி.ஏ. முடிச்சுட்டு வந்தா இந்த நாற்காலியில நீ உக்காரலாம். ஆனா அதுக்கான ஜிமேட் தேர்வுல அறுநூறாவது எடுக்கணும். அதுக்குக் கீழ இருந்தா நான் பேரை எழுதியும் புண்ணியமில்ல." எண்ணூறுக்கு அறுநூறு. தேர்வு ஜூனில். நான்கு மாதம். அது முடிந்த மறுநாளே படகு ஏறி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்றைக்கு நான் ஒரு கணக்கில் மூழ்கியிருந்தபோதுதான் அவள் ஸ்டவ்வில் கையை வைத்தாள் என்று உனக்குத் தெரியும். பகலெல்லாம் வங்கி, சாயங்காலம் புத்தகம், நடுவில் நாலு வயதுக் குழந்தை. மூன்றையும் பிடிக்க எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது. அவள் அப்பா இலைசாவுக்கு நியூசிலாந்து போனதிலிருந்து கையும் இல்லை, கடிதமும் இல்லை.

கெலெராவுக்கு மீனைத் தோல் உரித்துக் கொடு. திட்டினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவாள்; இழுக்காதே, தானாக வருவாள். என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதற்கு என்ன செய்வாய் என்று தெரியவில்லை.

அவளைப் பற்றி எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விட்டுவிடாதே. உங்கள் இருவருக்கும் சுகம் கொடுக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

உன் தங்கை,
தொரிக்கா

---

தவெயுனி
12 மார்ச் 1995

என் தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் மழைக்காலத்தில் எனக்கு, வெயில் காலத்தில் உன் அத்தான் எபரமாவுக்கு என்று முறை வைத்து வலிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். முதல் வாரம் அழுதாள். எழுந்ததும் கரைக்கு ஓடுவாள். "பெரியம்மா, அதோ படகு, அம்மா வர்றா பாரு" என்பாள். அது நம் சமுவேலாவின் மீன்பிடித் தோணியாக இருக்கும். சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எபரமா அவளைத் தோளில் உட்காரவைத்துக் கிழங்குத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வரும்போது இரண்டு பேருக்கும் முகம் முழுக்கச் சேறு. அன்றைக்குத்தான் ஒரு கிண்ணம் சேம்பு இலைக் குழம்பைத் தேங்காய்ப்பாலோடு குடித்தாள்.

நேற்று என்னிடம் கேட்டாள்: "அம்மா சுவாவுல என்ன பண்றா?"

"கணக்குப் படிக்கிறா."

"அம்மாவுக்குக் கணக்குத் தெரியாதா?"

"கொஞ்சம் தெரியும். இன்னும் கொஞ்சம் தெரியணுமாம்."

"எனக்கு இருபது வரைக்கும் தெரியும். நான் சொல்லித்தரேன், வரச் சொல்லு."

தேவாலயத்துப் பெண்கள் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். "என்ன அலுமிதா, உன் வீட்டுப் பக்கம் சத்தம் கேக்குதே, ஆடு ஏதாவது வாங்கினியா?" என்கிறாள் வசீத்தி. பதினொரு வருஷமாக எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் உடைந்ததில்லை. இந்த மாதம் இரண்டு உடைந்தன. உடைந்த சில்லைப் பொறுக்கும்போது எபரமா சிரித்துக்கொண்டே பொறுக்குகிறார்.

காது மடல் விஷயம்: என்னுடையதைப் பிடித்துப் பார்த்தாள். "இது பெரிசா இருக்கு" என்று விட்டுவிட்டாள். இப்போது தலையணை முனையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் படி. ஆண்டவர் உன் கூட இருப்பார்.

அக்கா,
அலுமிதா

---

சுவா
7 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இதுவரை வந்த மூன்றையும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். எனக்குத் தலைவலி தவிர வேறு நோயில்லை. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

இந்தத் தேர்வைப் பற்றி நீ கேட்டிருந்தாய். கணக்கு, வாசிப்பு, வாக்கியத்தில் பிழை கண்டுபிடிப்பது, கடைசியில் கட்டுரை. கணக்கில்தான் நான் விழுகிறேன். இரண்டு ரயில்கள் இரண்டு ஊர்களிலிருந்து எதிரெதிரே கிளம்புகின்றன, எங்கே சந்திக்கும் என்று கேட்கிறான். நான் பிறந்ததிலிருந்து பார்த்த ஒரே ரயில் கரும்பு வண்டிதான். வங்கியில் என்னோடு படிக்கிற ஷலேந்திராவிடம் சொன்னேன். அவன் பா ஊர்க் கரும்பு விவசாயி மகன். "அதே கரும்பு வண்டின்னு நெனச்சுக்க. ஆனா வழியில யாரும் ஏறிக் கரும்பு உருவ மாட்டாங்க, வண்டியும் நிக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான். அதற்கப்புறம் ரயில் கணக்கு வருகிறது.

இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது. ஒரு கேள்வியும் இரண்டு தகவல்களும் கொடுப்பார்கள். விடை என்ன என்று நாம் சொல்ல வேண்டாம். கொடுத்த தகவல் விடை கண்டுபிடிக்கப் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிது. நான் எப்போதும் விடையைத் தேடிப் போய்விடுகிறேன். நேரம் போய்விடுகிறது. "விடை உனக்கெதுக்கு? அதை அவன் கேக்கவே இல்லையே" என்று ஷலேந்திரா தலையில் அடித்துக்கொள்கிறான்.

குளியலறைச் சுவர், அரிசி டப்பா, கண்ணாடி என்று எல்லா இடத்திலும் சூத்திரம் எழுதி ஒட்டியிருக்கிறேன். வீட்டில் பேச ஆளில்லாததால் அவற்றோடுதான் பேச்சு. கெலெராவின் செருப்பு ஒன்று கதவுக்குப் பின்னால் கிடந்தது. அதை அங்கேயே விட்டு வைத்திருக்கிறேன்.

அவளுக்குச் சிவப்புச் சாண்டல்ஸ் அனுப்பியிருக்கிறேன். அம்மா வாங்கியது என்று சொல்லிக் கொடு. தேர்வு ஜூன் மூன்றாம் சனிக்கிழமை. ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்.

உன்,
தொரிக்கா

---

தவெயுனி
9 ஜூலை 1995

என் தங்கச்சிக்கு,

தேர்வு முடிந்து களைத்திருப்பாய். உடம்பு தேறியதா? நாங்கள் நலம்.

ஒரு விஷயத்தை இப்போதுதான் சொல்கிறேன், கோபப்படாதே. ஜூன் தொடக்கத்தில் கெலெராவுக்குக் கடும் காய்ச்சல். மருத்துவமனைக்கு லாரியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். தேர்வு நேரத்தில் உனக்கு எழுதி என்ன ஆகப் போகிறது, நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று எபரமாவும் நானும் பேசி, எழுதாமல் விட்டோம். இப்போது பூரண குணம். அந்த ஒரு வாரமும் என் மடியை விட்டு இறங்கவில்லை. இப்போது என் காதுதான் சிவந்து கிடக்கிறது. பெரிசாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

சாண்டல்ஸ் வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்துவிட்டது. வசீத்தியின் பேத்திக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த முறை ஒரு விரல்கடை பெரிசாக வாங்கு. இங்கே அவள் செருப்பே போடுவதில்லை.

கரைக்கு ஓடுவதை நிறுத்திவிட்டாள். அழுவதும் இல்லை. நல்லதுதானே?

எப்போது வருகிறாய் என்று எழுது. கூரைக்குப் புதுத் தகரம் போட ஆள் வருகிறது, அதற்கு முன்னால் வந்தால் உனக்கு வசதி.

சுகமாய் இரு.

அக்கா,
அலுமிதா

---

சுவா
6 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சுகம் என்று எழுதுவதுதானே வழக்கம்.

முடிவைத் தெரிந்துகொண்டு வரலாம் என்று காத்திருந்தேன். நானூற்று நாற்பது. உறையைப் பிரித்ததும் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஷலேந்திராவுக்கு அறுநூற்று எழுபது. அவன் என்னிடம் தன் மதிப்பெண்ணைச் சொல்லவே இல்லை, வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அவன் கனடாவுக்குப் போகிறான். போகும்போது தன் புத்தகங்களை எல்லாம் என் மேசையில் அடுக்கிவிட்டு, "எல்லாத்துலயும் விடையைப் பென்சில்ல எழுதியிருக்கேன். அழிச்சுட்டுப் போடு" என்றான்.

மேனேஜர் திட்டுவார் என்று போனேன். அவர் திட்டவில்லை. "அக்டோபர்ல ஒண்ணு இருக்கு. ஷலேந்திரா கனடா போறான், அவனை விட்டா இந்த வருஷம் வேற யாரும் அறுநூறு தொடல. எழுதுறியா, இல்ல விட்டுடுறியா?" என்றார். யோசிக்க ஒரு நாள் கேட்டேன். அன்று சாயங்காலம் துறைமுகத்துக்கு நடந்து போய் தவெயுனித் தீவுக்குப் போகும் படகுக்குச் சீட்டும் கேட்டேன். சீட்டு இருந்தது. வாங்கவில்லை.

அக்கா, வெறுங்கையோடு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி இந்த ஒற்றை அறைக்கு வந்தால், இத்தனை நாள் அவளை விட்டிருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். அக்டோபர் வரை வைத்துக்கொள். இது கடைசி. எபரமா அத்தானிடமும் நான் கேட்டதாகச் சொல்.

காய்ச்சலை மறைத்தது பற்றி எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் உண்மையாக எழுது. நீ அவள் சாப்பிட்டதையும் தூங்கியதையும் எழுதுகிறாய். அவள் என்னைக் கேட்கிறாளா?

உங்கள் சுகத்தை நாடும்,
தொரிக்கா

---

தவெயுனி
17 செப்டம்பர் 1995

என் தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கூரை வேலை. தகரம் போட வந்தவன் பாதியில் யாரோ செத்துப்போனார்கள் என்று ஊருக்குப் போய்விட்டான். பத்து நாள் தார்ப்பாய்க்கு அடியில் படுத்தோம். இப்போது முடிந்தது. மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதில்லை, அவ்வளவு சத்தம்.

இந்த வருஷம் கிழங்கு நல்ல விளைச்சல். எபரமாவைத் தேவாலயத்தில் பாட்டுக்குழுத் தலைவராக்கிவிட்டார்கள். குரல் இல்லாவிட்டாலும் முறைத்துப் பார்த்தே எல்லோரையும் பாட வைத்துவிடுவார் என்கிறார்கள். வசீத்தியின் மருமகளுக்கு ஆண் குழந்தை. போதகரின் நாய் எங்கள் கோழி இரண்டைத் தின்றுவிட்டது. போதகரிடம் எப்படிச் சண்டை போடுவது, விட்டுவிட்டோம்.

அக்டோபர் வரை என்ன, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். கெலெரா நலம். ஐந்து வயது நிறைந்த அன்றைக்குக் கோழி அடித்தோம்.

நன்றாக எழுது. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா,
அலுமிதா

---

சுவா
8 அக்டோபர் 1995

அக்கா,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். எனக்கும் குறைவில்லை.

கூரை, கிழங்கு, கோழி, போதகரின் நாய். எல்லாம் இருக்கிறது உன் கடிதத்தில். நான் கேட்டது ஒன்றுதான். கொடுத்த தகவல் போதுமா போதாதா என்று தினமும் நூறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் சட்டென்று தெரிந்துவிடுகிறது. போதாது, அக்கா.

தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. ஒரு வரி எழுதிப்போடு. எதுவானாலும் பரவாயில்லை.

தொரிக்கா

---

சுவா
3 டிசம்பர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. புயல் எச்சரிக்கையில் படகுகள் நின்றதாகச் சொன்னார்கள், அதுதான் காரணமாக இருக்கும். உங்கள் எல்லோருக்கும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அறுநூற்று இருபது.

நம்பவில்லை. பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்ததையும் நம்பாமல் மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். "உன் பொண்ணையும் கூட்டிட்டுப் போகலாம். ரெண்டு வருஷத்துக்கு வீடும் உண்டு, குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் உண்டு" என்றார். அப்போதுதான் அழுதேன். பாவம், அந்த மனிதர் பேங்க் நோட்டு எண்ணுவதற்கு வைத்திருந்த ஈரப் பஞ்சைக் கண் துடைக்க நீட்டினார்.

மெல்போர்னில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் டிராம் ஓடுமாம். கெலெராவிடம் சொல். அம்மா ரயில் கணக்கில் தேறிவிட்டாள், இனி ரயிலிலேயே கூட்டிப்போவாள் என்று சொல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின படகில் வருகிறேன். அவளுக்கு ஒரு மஞ்சள் கவுன் வாங்கியிருக்கிறேன், இரண்டு விரல்கடை பெரிசாக. உனக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள, சேலைத்துணி மாதிரி நீளமான சுலு. அத்தானுக்குச் சட்டை. பத்து மாதம் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட உனக்கு நான் எதைக் கொடுத்து ஈடு செய்வேன்?

வந்து நேரில் கட்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
தொரிக்கா

---

சுவா
21 ஜனவரி 1996

அக்கா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதைக் கோபத்தில் நாலு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. கோபம் போய்விட்டது, அதனால்தான் எழுத முடிகிறது.

அன்று லாரியிலிருந்து இறங்கி உன் வாசலுக்கு வந்தபோது மழை. கெலெரா கதவருகே நின்றாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே கையை நீட்டினேன். அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்: "அம்மா, சின்னம்மா வந்துட்டாங்க."

புதுத் தகரத்தில் மழைச் சத்தம், சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். குனிந்து கேட்டேன், "நான் யாருடா கண்ணு?"

"சின்னம்மா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அம்மாவோட தங்கச்சின்னா சின்னம்மாதான?"

நீ அடுப்படியில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. அத்தான் விறகு எடுக்கப் போகிறேன் என்று மழையில் இறங்கிப் போனார். வீட்டுக்குள் விறகு இருந்தது.

பண்டிகை நாளில் சண்டை வேண்டாம் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்டோம், பாடினோம். புது வருஷம் கழிந்து நான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது நீ தலை பின்னிவிட்டு, துணியை மடித்து ஓலைப்பையில் வைத்துக் கொடுத்தாய். துறைக்கு வரவில்லை.

இங்கே வந்தபின் அவள் என்னைப் படுத்தவே இல்லை, அக்கா. படுத்தியிருந்தால் தேவலை. விருந்துக்கு வந்த பெண் மாதிரி இருக்கிறாள். "பசிக்கலீங்க சின்னம்மா." "போதுங்க." தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவி வைக்கிறாள். காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி, ஓலைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் போய் உட்கார்கிறாள்.

"எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்றாள்.

"இதுதாண்டா நம்ம வீடு. நீ இங்கதான் இருந்த. ஞாபகம் இல்லையா?"

சுற்றிப் பார்த்தாள். கஷ்டப்பட்டு யோசித்தாள். எனக்காக யோசித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு, "இது உங்க வீடு. நல்லா இருக்கு" என்றாள்.

முந்தாநாள் நான் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "நான்தான் உன் அம்மா. உன்னைப் பெத்தவ நான். பாரு என் முகத்தை." அவள் பார்த்தாள். முதல் முறையாக அழுதாள். "அம்மாகிட்டப் போறேன்" என்று அழுதாள். அன்றிலிருந்து சாப்பிடவில்லை. உடம்பு சுடுகிறது. டாக்டர், "நோய் ஒண்ணுமில்ல, ஏக்கம்" என்கிறார். போன மார்ச்சில் நீ எழுதியிருந்தாயே, அதே அழுகை, அதே பட்டினி. அப்போது எனக்காக. நான் வரவில்லை.

நீ என் பிள்ளையைத் திருடவில்லை. கொண்டுவந்து கொடுத்தவள் நான், நீட்டிக்கொண்டே போனவளும் நான். ஆனாலும் அவள் முதல் தடவை உன்னை அப்படிக் கூப்பிட்டபோது, "நான் பெரியம்மா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நான் அத்தனை முறை கேட்டபோது ஒரு வரி எழுதியிருக்கலாமே. அந்தத் தேர்வை எழுதாமலே வந்திருப்பேன். அல்லது வந்திருக்க மாட்டேனோ என்னவோ. அதையாவது தெரிந்துகொண்டிருப்பேன்.

வியாழக்கிழமைப் படகில் எபரமா அத்தானை அனுப்பு. ஒருமுறை அவள் தூங்கும்போது விட்டுவிட்டு வந்தேன். இந்த முறை முழித்திருக்கும்போது அனுப்புகிறேன்.

தொரிக்கா

---

தவெயுனி
11 பிப்ரவரி 1996

தொரிக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடு. தூங்கு.

அவள் வந்து சேர்ந்தாள். எபரமாவின் தோளிலிருந்து இறங்கி ஓடிவந்து என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீ துறையில் நின்று கையசைத்துக்கொண்டே இருந்தாய் என்று எபரமா சொன்னார். படகு கடைசி மிதவையைத் தாண்டிய பின்னும் உன் மஞ்சள் குடை தெரிந்தது என்றார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அவள் பாறையில் வழுக்கி விழுந்து முட்டியில் தோல் பெயர்ந்துவிட்டது. "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். உன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் பெரியம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வா" என்றுதான் வந்தது.

அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உன் கடிதம் வந்தது, கேட்கிறாளா என்று. காகிதத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். கூரையைப் பற்றி எழுதினேன். அக்டோபர் கடிதத்துக்கு எழுத உட்கார்ந்தபோது எழுதக் கூரையும் இல்லை.

இப்போது தினமும் சொல்கிறேன். "உன்னைப் பெத்தது தொரிக்கா. அவதான் உன் அம்மா. நான் பெரியம்மா." அவள் "சரிம்மா" என்கிறாள். நோவா கப்பல் கட்டினான் என்று சொன்னாலும் இப்படித்தான் சரி என்பாள்.

போகாமல் இருந்துவிடாதே. இவ்வளவுக்கும் பிறகு போகாமல் இருந்தால் நாம் எல்லோரும் எதற்காக இப்படி ஆனோம் என்றே தெரியாமல் போகும். போ. கெலெராவுக்குக் கடிதம் போடு. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். என்னையும் மன்னிக்கட்டும்.

அலுமிதா

---

மெல்போர்ன்
19 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். குளிர் எலும்பு வரை போகிறது. உங்கள் எல்லோருக்கும் நலம் உண்டாகட்டும். அத்தான் பேச ஆரம்பித்துவிட்டாரா? அவரிடம் நான் சொன்னதாகச் சொல், பேசச் சொல்லி.

படிப்பு கடினம்தான், ஆனால் முடிகிறது. முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் ஏன் இங்கே வந்தோம் என்று எழுந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒருவன் கம்பெனி தொடங்க, ஒருத்தி பதவி உயர, என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் முறை வந்ததும் பழக்கத்தில், "என் மகளுக்காக" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள், "கூடவே வந்திருக்காளா? எங்க படிக்கிறா?" என்று கேட்டாள். "அவ இங்க இல்ல" என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் டிராம் போகிறது. இலைசா ஏன் எழுதுவதில்லை என்று ஒரு காலத்தில் எவ்வளவு திட்டினேன். இப்போது நானும் வெறும் தாளோடு உட்கார்ந்து பார்க்கிறேன். தள்ளிப்போடத் தள்ளிப்போட எழுதுவது பாரமாகிறது. அதனால் இன்றைக்கே எழுதிவிட்டேன். கீழே இருப்பது கெலெராவுக்கு. வாசித்துக் காட்டு. அவளைத் தினமும் திருத்தாதே. குழந்தைக்குக் குழப்பம்.

உன்,
தொரிக்கா

கெலெரா கண்ணுவுக்கு,

நல்லா இருக்கியா? ஓடையில இப்ப வழுக்காம நடக்குறியா? இங்க ரோட்டு நடுவுல ரயில் மாதிரி ஒண்ணு மணி அடிச்சுக்கிட்டுப் போகும். மழை பேஞ்சா சத்தமே கேக்காது, ஏன்னா கூரை தகரம் இல்ல. உனக்கு எண்ண எதுவரைக்கும் தெரியும் இப்ப? எழுது. பெரியப்பா பாட்டுக்குழுவுல முறைச்சா நீயும் முறைச்சுப் பாரு. சமத்தா சாப்பிடு.

உன் சின்னம்மா

---

தவெயுனி
30 ஜூன் 1996

என் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். எபரமா பேசுகிறார். குளிருக்குக் கனமான போர்வை வாங்கிக்கொள், சிக்கனம் பார்க்காதே. உனக்கு அங்கே கிழங்கு கிடைக்கிறதா?

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் தேநீர் குடித்துவிட்டு மூவரும் பாயில் உட்கார்ந்தோம். கெலெரா என் மடியில். வாசித்தேன். ரயில் மணி அடிப்பதை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். முறைத்துப் பார்ப்பது வந்ததும் எபரமாவை முறைத்தாள், அவரும் முறைத்தார், வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் சிரித்தோம். நூறு வரை தெரியும், ஆனால் எழுபதில் கொஞ்சம் இடறும் என்று எழுதச் சொன்னாள்.

கடைசி வரிக்கு வந்தேன். நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். என்னால் அதை வாசிக்க முடியவில்லை, தொரிக்கா. நீ எழுதியிருக்க வேண்டிய சொல்லைத்தான் வாசித்தேன். "உன் அம்மா" என்று வாசித்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"நீயா எழுதுன?" என்றாள். "நீ இங்கதானேம்மா இருக்க?"

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
அலுமிதா